நீட் தேர்வை மீண்டும் எழுதப்போகிறீர்களா? சென்ற ஆண்டின் விடைத்தாளிலிருந்து தொடங்குங்கள்

நீட் தேர்வு முடிவு வந்து, மதிப்பெண் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை என்றானதும் நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரே கேள்விதான் எழுகிறது: "எந்தக் கோச்சிங்கில் சேர்ப்பது?" அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "போன தடவை மதிப்பெண் எங்கே போனது?" இதற்குப் பதில் தெரியாமல் பிள்ளையை மறுபடியும் முதல் பாடத்தின் முதல் பக்கத்தில் உட்கார வைத்தால், தெரிந்ததையே ஓராண்டு திரும்பப் படித்துவிட்டு, தெரியாததைத் தெரியாமலேயே விட்டு வரும் நிலை ஏற்படும். மீண்டும் எழுதியும் மதிப்பெண் பெரிதாக உயராத பிள்ளைகள் பலர் சோம்பேறிகள் அல்லர். உழைப்பை எங்கே செலவிடுவது என்று அவர்களுக்கு யாரும் காட்டவில்லை.

முதலில் சில அடிப்படை விவரங்கள். நீட் இளநிலைத் தேர்வில் மொத்தம் 180 கேள்விகள், 720 மதிப்பெண். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறைப்பு. 2021 முதல் 2024 வரை ஒவ்வொரு பகுதியிலும் சில கேள்விகளைத் தேர்ந்தெடுத்து எழுதும் வசதியும், 2022 முதல் 2024 வரை 200 நிமிட நேரமும் இருந்தன. 2025இல் இரண்டும் நீக்கப்பட்டன. இப்போது 180 நிமிடத்தில் 180 கேள்விகள். அண்ணனோ அக்காவோ 2023இல் எழுதிய அனுபவத்தை வைத்து நேரத்தைத் திட்டமிட்டால் தவறிவிடும்.

எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். உச்ச வயது வரம்பை தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் நீக்கிவிட்டது. ஆனால் இந்தியாவில் மருத்துவ இடம் பெற அந்தந்த ஆண்டின் மதிப்பெண் மட்டுமே செல்லும். சென்ற ஆண்டு 450 எடுத்தவர் இந்த ஆண்டு 430 எடுத்தால், கலந்தாய்வில் அவருக்கு 430தான். இரண்டில் கூடுதலானதை எடுத்துக்கொள்ளும் முறை இங்கே கிடையாது. வெளிநாட்டில் மருத்துவம் படிப்பதற்கு மட்டும், தகுதி பெற்ற முடிவு வெளியான நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் செல்லும்.

விடைத்தாள் கணக்கு

தேர்வை நடத்தும் என்டிஏ, மாணவரின் ஓஎம்ஆர் தாளின் படத்தை வெளியிடுகிறது. விடைக்குறிப்பும் வெளியாகிறது. வினாத்தொகுப்பைத் தேர்வறையிலிருந்து வீட்டுக்கே கொண்டுவரலாம். இந்த மூன்றையும் தேடி எடுங்கள். இணையதளத்தில் குறிப்பிட்ட காலம்தான் கிடைக்கும் என்பதால், பார்த்த அன்றே தரவிறக்கிக்கொள்வது நல்லது. தவறவிட்டவர்கள், விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சலைத் திறந்து பாருங்கள். பல வீடுகளில் அந்த மின்னஞ்சல் ஊரில் உள்ள பிரவுசிங் சென்டர்காரர் உருவாக்கியது, கடவுச்சொல் அவரிடம்தான் இருக்கும். அடுத்த விண்ணப்பத்துக்கு முன்பாவது பிள்ளையின் பெயரில் சொந்தமாக ஒரு மின்னஞ்சல் இருக்கட்டும்.

உங்கள் வினாத்தொகுப்பின் குறியீட்டு எண்ணுக்குரிய விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு, 180 கேள்விகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். தவறான ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணத்தை எழுத வேண்டும். பாடமே தெரியாதா, படித்து மறந்ததா, கேள்வியைத் தவறாக வாசித்ததா, கணக்கில் பிழையா, சரியான விடை தெரிந்தும் வட்டத்தை மாற்றி நிரப்பியதா? இரண்டு மூன்று நாள் பிடிக்கும் வேலை இது. பிள்ளைக்கு வேதனையாகவும் இருக்கும். கூடவே உட்காருங்கள், ஆனால் "இதுகூடத் தெரியாதா" என்ற வார்த்தை மட்டும் வர வேண்டாம்.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். ஒரு மாணவி 412 எடுத்திருக்கிறார். இயற்பியலில் 19 சரி, 16 தவறு, 10 விடப்பட்டவை: 60 மதிப்பெண். வேதியியலில் 31 சரி, 12 தவறு, 2 விடப்பட்டவை: 112. உயிரியலில் 64 சரி, 16 தவறு, 10 விடப்பட்டவை: 240. மொத்தம் 44 தவறுகள். அவற்றைப் பிரித்துப் பார்த்தால், 18 கேள்விகள் பாடமே தெரியாதவை. 12 படித்து மறந்தவை. 8 கேள்விகளில் 'தவறான கூற்று எது' என்று கேட்டிருக்க, சரியான கூற்றைக் குறித்திருக்கிறார், அல்லது அதுபோன்ற வாசிப்புப் பிழை. 4 கணக்குப் பிழை. 2 வட்டம் மாறியவை.

தவறாகக் குறித்த ஒரு கேள்வி சரியானால் 5 மதிப்பெண் கூடுகிறது: இழந்த ஒன்று திரும்பி வருகிறது, புதிதாக நான்கு சேர்கிறது. விடாமல் விட்ட கேள்வி சரியானால் 4தான். இந்த மாணவியின் கடைசி மூன்று வகைப் பிழைகளும் சேர்ந்து 14. அவை எல்லாம் சரியாகியிருந்தால் 70 மதிப்பெண், அதாவது 482. ஒரு புதிய பாடம்கூடப் படிக்காமல்! மறந்துபோன 12ஐயும் நிலைநிறுத்தினால் இன்னும் 60. எல்லாம் நூற்றுக்கு நூறு திருந்தாது, பாதி திருந்தினாலே பெரிய மாற்றம். அவர் வீட்டார் நினைத்துக்கொண்டிருந்தது "இயற்பியல் வராது, அதனால்தான் போச்சு" என்று. இயற்பியல் ஒரு காரணம் என்பது உண்மைதான், ஆனால் உயிரியலிலும் வேதியியலிலும் கைக்கு வந்த மதிப்பெண் நழுவியிருப்பது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் தெரிகிறது.

நெகட்டிவ் மார்க் பற்றியும் இங்கே சொல்லிவிடலாம். "சந்தேகம் என்றால் தொடாதே" என்று பிள்ளைகளை மிரட்டி வைத்திருக்கிறோம். நான்கு விடைகளில் இரண்டு நிச்சயமாகத் தவறு என்று ஒதுக்க முடிந்தால், மீதி இரண்டில் ஒன்றைக் குறிப்பது சராசரியாக ஒன்றரை மதிப்பெண் லாபம். ஒதுக்கவே முடியாத கேள்வியில் கண்ணை மூடிக் குறித்தால் சராசரி லாபம் கால் மதிப்பெண்தான், அதற்காக நேரத்தைச் செலவிட வேண்டாம். மதிப்பெண்ணை உண்மையில் அரிப்பது, நிச்சயம் என்று நினைத்து அவசரத்தில் தவறாகக் குறித்தவை.

மதிப்பெண்ணை எதோடு ஒப்பிடுவது?

"போன வருஷம் இத்தனைக்கு அரசுக் கல்லூரி கிடைத்தது, நீயும் அதை எடு" என்று ஒரு எண்ணைச் சொல்லிப் பிள்ளையை ஓடவிடுவதில் ஆபத்து இருக்கிறது. 2024இல் முழுமையான 720ஐப் பெற்றவர்கள், திருத்தப்பட்ட முடிவின்படியே 17 பேர். 2025இல் வினாத்தாள், குறிப்பாக இயற்பியல், கடினமாக இருந்தது. நாட்டின் உச்ச மதிப்பெண்ணே 686தான். பொதுப்பிரிவுத் தகுதி மதிப்பெண் 162இலிருந்து 144க்கு இறங்கியது. 2024இல் 600 எடுத்தும் பல பத்தாயிரம் பேருக்குப் பின்னால் நின்றவர்கள் உண்டு. 2025இல் 600ஐத் தாண்டியவர்களே நாடு முழுவதும் சுமார் 1,300 பேர்தான். எனவே ஒப்பிட வேண்டியது தரவரிசையை. மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு வெளியிடும் தரவரிசைப் பட்டியலிலும் ஒதுக்கீட்டுப் பட்டியலிலும், பிசிஎம் பிரிவில் கடைசி இடம் எந்த வரிசை எண்ணில் முடிந்தது என்று பாருங்கள். அதற்கும் பிள்ளையின் இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதே, மீண்டும் எழுதுவதா வேண்டாமா என்ற முடிவுக்கு அடிப்படை.

படிப்பு

தேசிய மருத்துவ ஆணையத்தின் பாடத்திட்டம் 2024 தேர்விலிருந்து மாறியிருக்கிறது. வேதியியலில் திண்ம நிலை, பலபடிகள், புறப்பரப்பு வேதியியல், அன்றாட வாழ்வில் வேதியியல் போன்ற பாடங்கள் நீக்கப்பட்டன. இயற்பியலிலும் வேதியியலிலும் செய்முறை சார்ந்த பகுதிகள் சேர்ந்தன. உறவினர் வீட்டிலிருந்து இலவசமாகக் கிடைத்த பழைய கைடுகளை வைத்துப் படிக்கும் பிள்ளைகள் நம்மிடையே அதிகம். அதில் தவறில்லை, ஆனால் முதல் நாளே பாடத்திட்டத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டு, இல்லாத பாடங்களைப் பென்சிலால் அடித்துவிட வேண்டும்.

உயிரியலுக்கு என்சிஇஆர்டி புத்தகம்தான் எல்லாம். வரி வரியாக, படத்தின் கீழே உள்ள குறிப்பு, அட்டவணை, ஓரத்தில் உள்ள எடுத்துக்காட்டு வரை. மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள், கருத்து தெரியும் என்ற நம்பிக்கையில் இதை விட்டுவிடுகிறார்கள். கேள்வியோ அந்தப் புத்தகத்தின் வாசகத்தை ஒட்டியே வருகிறது. தமிழ்வழி மாணவர்களுக்கு வினாத்தொகுப்பில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வாசகமே இறுதியானது. ஆகவே கலைச்சொற்களை இரு மொழியிலும் எழுதிய ஒரு சிறு நோட்டு, தமிழ்வழிப் பிள்ளைக்கு இந்த ஓராண்டில் மிகவும் பயன்படும். தேர்வறையில் தமிழ் வாசகம் குழப்பினால், பக்கத்தில் உள்ள ஆங்கிலத்தைப் பார்க்கும் பழக்கம் முன்பே வந்திருக்க வேண்டும்.

இயற்பியலை வெறுமனே வாசித்து மதிப்பெண் வாங்க முடியாது. யூடியூபில் ஆசிரியர் கணக்குப் போடுவதைப் பார்க்கும்போது எல்லாம் புரிந்ததாகத் தோன்றும். வீடியோவை மூடிவிட்டு அதே கணக்கை வெற்றுத்தாளில் போட்டால்தான் உண்மை தெரியும். ஒரு மணி நேரம் பார்த்தால் இரண்டு மணி நேரம் போட வேண்டும், கால்குலேட்டர் இல்லாமல். பயம் அதிகம் உள்ளவர்கள் மின்னோட்டவியல், கதிர் ஒளியியல், அணுவும் உட்கருவும், குறைகடத்திகள் ஆகியவற்றில் தொடங்கலாம். சில சூத்திரங்களில் பல கேள்விகளைத் தொட முடியும் என்பதால் நம்பிக்கை சீக்கிரம் வரும். சுழற்சி இயக்கம் போன்றவற்றுக்குப் பிறகு வரலாம்.

வேதியியலில் மோல் கணக்கு சரியாக வராதவருக்குச் சமநிலை, கரைசல்கள், மின்வேதியியல் எதுவும் சரியாக வராது. அதை முதலில் சீர்செய்யுங்கள். கனிம வேதியியல் அடிக்கடி திருப்பிப் பார்ப்பவருக்கே வசப்படும்.

மறதிக்கு மருந்து ஒரு பிழை நோட்டு. விடைத்தாள் கணக்கில் கண்ட தவறுகளும், வாராவாரம் மாதிரித் தேர்வில் வரும் தவறுகளும் அதில் ஏற வேண்டும். கேள்வி, தான் குறித்தது, சரியானது, ஏன் தவறியது என்று நான்கு வரி போதும். எழுதிய மூன்றாம் நாள், பிறகு பத்தாம் நாள், பிறகு ஒரு மாதம் கழித்து அதே கேள்வியை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். மூன்று முறையும் சரியாக வந்தால் அதை நோட்டிலிருந்து அடித்துவிடலாம். தேர்வுக்கு முந்தைய மாதம் புதிய புத்தகம் எதையும் தொட வேண்டாம். இந்த நோட்டு ஒன்றே கையில் இருக்கட்டும்.

மாதிரித் தேர்வைப் பகல் 2 மணி முதல் 5 மணி வரையே எழுதப் பழக்குங்கள். உண்மைத் தேர்வின் நேரம் அது. கைப்பேசித் திரையில் தட்டிப் பழகுவதைவிட, அச்சிட்ட ஓஎம்ஆர் தாளில் கறுப்புப் பந்துமுனைப் பேனாவால் எழுதுவது நல்லது. ஒருமுறை நிரப்பிய வட்டத்தைத் திருத்த முடியாது என்ற பயம் அப்போதுதான் பழகிப்போகும். உயிரியலை 50 நிமிடத்துக்குள் முடித்து, வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 65 என்று ஒதுக்கினால், விட்டவற்றைத் திரும்பப் பார்க்கச் சுமார் கால் மணி நேரம் மிஞ்சும். வட்டங்களைக் கடைசியில் மொத்தமாக நிரப்பாமல் பக்கத்துக்குப் பக்கம் நிரப்பினால் வரிசை மாறாது. ஞாயிறு தேர்வு எழுதினால் திங்கள் முழுவதும் அதை அலசுவதற்கே. அலசாத பத்துத் தேர்வைவிட, அலசிய ஒன்று மேல்.

ரமளானும் தேர்வு நாளும்

நீட் தேர்வு 2023, 2024, 2025 மூன்று ஆண்டுகளிலும் மே மாதத்தின் முதல் ஞாயிறன்று நடந்தது. 2025இல் ரமளான் மார்ச் மாதத்தில் வந்தது. ஆண்டுதோறும் பதினோரு நாள் அளவுக்கு முன்னே நகர்வதால், இனி வரும் சில ஆண்டுகளில் அது பிப்ரவரி, ஜனவரி என்று போகும். அதாவது திருப்புதல் தொடங்க வேண்டிய நேரத்தில். நோன்பையும் படிப்பையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை, நேரத்தை மாற்றி அடுக்கினால் போதும். ஸஹருக்கும் ஃபஜ்ருக்கும் பிறகு மனம் தெளிவாக இருக்கும் இரண்டு மூன்று மணி நேரத்தை இயற்பியல் கணக்குக்குக் கொடுக்கலாம். லுஹருக்குப் பின் ஒரு சிறு தூக்கம். அஸருக்குப் பிறகு உடல் தளரும்போது உயிரியல் வாசிப்பு அல்லது பிழை நோட்டு. தராவீஹ் முடிந்து நள்ளிரவு வரை விழித்துவிட்டு ஸஹருக்கும் எழும் பிள்ளை பத்து நாளில் சோர்ந்துவிடும். ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்: அந்த மாதத்தில் சமையலறை வேலை முழுவதும் தேர்வு எழுதும் பெண் பிள்ளையின் தலையில் விழாமல் பார்த்துக்கொள்வது உம்மாவின் பொறுப்பு மட்டுமல்ல, வீட்டு ஆண்களின் பொறுப்பும்தான்.

தேர்வு நாளன்று 1.30 மணிக்கு வாயில் மூடப்படும். முழுக்கை உடைக்கு அனுமதி இல்லை என்ற பொதுவிதி இருந்தாலும், ஹிஜாப் போன்ற சமய வழக்க உடையில் வருவோர் சோதனைக்காக முன்கூட்டியே வந்துவிட வேண்டும் என்று என்டிஏ விதியே இடம் தருகிறது. அந்த வரியை விதிக்குறிப்பிலிருந்து அச்செடுத்துக் கையில் வைத்திருப்பது நல்லது. வாயிலில் நிற்கும் பணியாளருக்கு அது தெரியாமல் இருக்கலாம். லுஹருக்கு மையத்துக்கு அருகில் எங்கே தொழலாம் என்று முந்தைய நாளே பார்த்து வையுங்கள். அஸர் வக்து தேர்வுக்குள் வந்தாலும், 5 மணிக்கு வெளியே வந்த பிறகு மஃக்ரிபுக்கு முன் நேரம் இருக்கும்.

சான்றிதழ்கள்

தமிழ்நாட்டின் மாநில ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் உண்டு. லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்னி, துதேகுலா, அன்சார், மாப்பிள்ளை, ஷேக், சையத் பிரிவினர் இதில் வருகிறார்கள். அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீத இடங்களுக்கு இந்தச் சான்று போதாது. மத்தியப் பட்டியலில் உள்ள பிரிவினர் ஓபிசி சான்றிதழைத் தனியாகப் பெற வேண்டும், அதுவும் நடப்பு நிதியாண்டுக்குரியதாக. போன வருடம் வாங்கியது இருக்கிறதே என்று மீண்டும் எழுதுவோர் கவனிக்காமல் விடுவது இங்கேதான். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. நம் பிள்ளைகள் பலர் படிக்கும் அரசு உதவிபெறும் பள்ளிகள் இதில் சேராது.

பெயர் எழுத்துப் பிழையும் நம் சமுதாயத்துக்கே உரிய தலைவலி. பத்தாம் வகுப்புச் சான்றில் 'முகமது', ஆதாரில் 'முஹம்மத்', சாதிச் சான்றில் 'மொகமட்' என்று ஆங்கிலத்தில் மூன்று விதமாக இருக்கும். விண்ணப்பம் பொதுவாக பிப்ரவரி வாக்கில் தொடங்குகிறது. அதற்குள் பத்தாம் வகுப்புச் சான்றோடு மற்றவை பொருந்தும்படி திருத்திக்கொள்ள, ஆறு மாதம் முன்பே அலையத் தொடங்குங்கள்.

கோச்சிங்கும் வீடும்

ரிப்பீட்டர் வகுப்புகளின் கட்டணம், விடுதியும் சேர்ந்தால் பல இடங்களில் லட்சத்தைத் தாண்டுகிறது. நகையை வட்டிக்கு வைத்துச் சேர்ப்பதற்கு முன், அந்த மையத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: "என் பிள்ளை வாராவாரம் செய்யும் தவறை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?" நூறு பேர் அமரும் அறையில் விரிவுரை மட்டும்தான் என்றால், அதையே வீட்டிலிருந்து கேட்க முடியும். தேர்வுத்தொகுப்பு ஒன்றை மட்டும் வாங்கி, இயற்பியலுக்கு உள்ளூர் ஆசிரியர் ஒருவரை வைத்துக்கொள்வது பல குடும்பங்களுக்கு ஏற்றதாக இருக்கும். மகளை வெளியூர் விடுதியில் விட மனமில்லை என்பதற்காக அவளுடைய மறுமுயற்சியையே நிறுத்திவிடத் தேவையில்லை.

எத்தனை முறை முயல்வது? இரண்டாவது முயற்சி பெரும்பாலும் நியாயமானது. மூன்றாவதற்கு முன், இரண்டு ஆண்டுகளின் விடைத்தாள் கணக்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அதே வகைப் பிழைகள் அதே அளவில் இருந்தால், இன்னோர் ஆண்டு தருவது குறைவு. பிள்ளைக்கு விருப்பம் இருக்கிறதா என்று தனியாக, பதிலுக்குக் கோபப்பட மாட்டோம் என்ற உறுதியோடு கேளுங்கள். தமிழ்நாட்டில் நர்சிங், பி.ஃபார்ம், துணை மருத்துவப் படிப்புகள், மாநில ஒதுக்கீட்டில் கால்நடை மருத்துவம் ஆகியவை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணில் கிடைக்கின்றன. யுனானி படிக்க விரும்புவோருக்கு நீட் தகுதி வேண்டும். அதற்கான அரசுக் கல்லூரி சென்னை அரும்பாக்கத்தில் இருக்கிறது.

வலீமா விருந்தில் "உன் மகன் இன்னும் நீட்டா?" என்று கேட்பவர்களிடமிருந்து பிள்ளையைக் காப்பதும் வாப்பாவின் வேலைதான். இந்தத் தேர்வின் பேரில் தமிழகம் பிள்ளைகளை இழந்திருக்கிறது. தூக்கம் கெடுவது, சாப்பாட்டை ஒதுக்குவது, கதவைச் சாத்திக்கொண்டு பேச்சைக் குறைப்பது, "நான் இருந்து என்ன பயன்" என்பது போன்ற சொற்கள் வருவது, இவற்றில் எது தென்பட்டாலும் அன்றைக்குப் புத்தகத்தை மூடிவிட்டு அருகில் உட்காருங்கள். மனநல ஆலோசனைக்கு 14416, தமிழக அரசின் 104 ஆகிய எண்களை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். பிள்ளை கூச்சப்பட்டால் பெற்றோரே அழைத்துக் கேட்கலாம்.